மூன்றாம் குரல்

கூடை வந்திருந்தது, கூடைக்கு உரியவள் வரவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில், ஈரச் சாக்குகளுக்கும் பாய்ச் சுருள்களுக்கும் நடுவே, சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய அந்த ஒயர் கூடை சுவரோடு ஒட்டி நின்றது. சாம்பார் சாத அண்டாவை இறக்கிவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வந்த அன்புமொழி, அதைக் கண்டதும் முதலில் நிம்மதியே அடைந்தாள். ஆத்தா வந்துவிட்டாள். பிறகு குனிந்து, கூடையின் மேலாக இருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். விடியும் முன் அவளே காம்பு கிள்ளி அடுக்கிய வெற்றிலை ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. அந்தப் பெட்டியை விட்டு அவள் தாய் இருளாயி ஒரு பொழுது பிரிந்திருந்ததாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. கூடையோ காலையிலிருந்து கேட்பாரற்று இங்கே நிற்கிறது.

அன்புமொழி சத்துணவு அமைப்பாளர். புயல் அறிவிப்பு வந்தால் முகாமுக்கு முதலில் போகிறவளும், அங்கே கடைசியாக உண்கிறவளும் அவளே. விடியும் முன்பே மகள் மோகனப்ரியாவுடன் தில்லைப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, மணமேல்குடிக்கு மேற்கே உள்ள இந்தப் பள்ளிக்கு வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். தாயைத் தெருவாரோடு வேனில் வரச் சொல்லியிருந்தாள். கஜா புயலைக் கண்ட கரை அது. போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போய்விடுகிற ஊர். ஊர் முழுவதும் காலியாகிவிட்டதென்ற செய்தி நண்பகலுக்குள் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு கைப்பேசிகள் அடங்கிப்போயின.

முற்றத்தில் வெற்றிசெல்வன் தண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன், ஊர் இளைஞர்களின் மீட்புக் குழுவில் ஒருவன்.

"வெற்றி, ஆத்தா எந்த வண்டியில வந்துச்சு?"

"மொத வண்டியிலயே வந்திருக்கும்க்கா. கூடைய நான்தானே ஏத்துனேன்? வாசக் கேட்டுக்கிட்ட எடுத்து வச்சிருந்துச்சு."

"கூடைய ஏத்துன. ஆள ஏத்துனியா?"

அவன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தான். "வாசல்ல நின்னு கூப்பிட்டேன்க்கா. உள்ள சத்தமே இல்ல. ஏறிருச்சுன்னு நெனச்சு, கதவுல சுண்ணாம்புக் குறியப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

"எத்தன தடவ கூப்பிட்ட?"

தெரு முழுவதும் அறிந்த ஒன்றைத் தான் அவசரத்தில் மறந்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு தடவதாங்க்கா."

இருளாயி மூன்றாம் குரலுக்கு முன் யாருக்கும் பதில் கொடுப்பதில்லை. மனிதர் அல்லாதவையும் பெயர் சொல்லி அழைக்கும். ஆனால் ஒருமுறைதான் அழைக்கும். மறுமுறை அழைக்க அவற்றுக்கு மூச்சில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் அந்தக் கரையில் பலர் உண்டு. சொன்னதை ஒருநாளும் தவறாமல் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்தியே. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், "ஒங்க வீட்டுல கத்துறதுக்குத் தனிக் கூலி போட்டுக் குடுங்கம்மா" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வெற்றிசெல்வனே ஒருநாள் சீண்டிப் பார்த்திருக்கிறான்.

"ஏன் பெரியம்மா, எமன் வந்தாலும் மூணு தடவ கத்தித்தான் ஆவணுமா?"

"கத்தட்டுமே. அவனுக்கு வேற என்ன சோலி?" என்றாள் இருளாயி, வெற்றிலையை மடித்தபடி. "மனுசன்னா மூணாவதும் கூப்பிடுவான்டா. மத்தது கூப்பிடாது."

அது விளையாட்டாக வந்த பழக்கமன்று. அன்புமொழி பள்ளியில் படித்த காலத்தில், ஒரு கார்த்திகை மாதத்து அந்தியில், புயல் வருகிறதென்று படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்த அவள் அப்பா பழனிச்சாமி, வீட்டில் உண்டுகொண்டிருந்தார். கொல்லைக்கு அப்பால் கடற்கரையிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஒரே ஒரு முறை. "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். அழைத்தது தன் தம்பியின் குரல் என்று இருளாயி நினைத்திருந்தாள். அந்தத் தம்பி அன்றைக்கு அறந்தாங்கியில் இருந்தார். பழனிச்சாமி திரும்பி வரவில்லை. கடலும் அவரைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்றாம் குரலுக்கு முன் யாரும் பதில் சொல்லக் கூடாது. "இந்தா வாரேன்" என்ற சொல்லை எந்தக் குரலுக்கும் சொல்லக் கூடாது.

இப்போது அந்த வீட்டுக்குள், மறுபடி யாரேனும் அழைப்பார்களென்று, ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள். இரவில் புயல் கரையேறும். அவளுக்குக் கொல்லையே கடல்.

"நான் போறேன்க்கா," என்றான் வெற்றிசெல்வன். "ஆனா பாலத்துக்கிட்ட புளியமரம் சாஞ்சு கெடக்கு, வண்டி போகாது. ஜேசிபிக்குச் சொல்லிவிட்டிருக்காங்க."

"ஜேசிபி வந்து பெரட்டி எடுக்குறவரைக்கும் புயலு நிக்குமா?" அவள் தூணில் சாய்த்திருந்த மகளின் சைக்கிளைப் பார்த்தாள், பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. "இதத் தூக்கி மரத்தத் தாண்டிரலாம்."

"குடுங்க, நானே மிதிச்சிட்டுப் போறேன்."

"ஒன் குரலுக்கு அது வராதுடா. வந்தாலும் வழி முழுக்கச் சண்டை போடும். விடு."

மோகனப்ரியா அறையிலிருந்து ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வாரேம்மா."

"நீ எங்கிட்டும் அசையக் கூடாது. கூடையப் பாத்துக்க."

"அப்ப மூணு தடவ கூப்பிடு. அவசரத்துல மறந்துறாத."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்," என்றாள் அன்புமொழி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள்.

மழை அப்போது விட்டிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. ஆயினும் வானம் அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுத்துத் தணிந்து, சாலையின் இருமருங்கிலும் நின்ற சீமைக்கருவேலங்களையும் அவற்றுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த இறால் குட்டைகளையும் ஒரே நிறமாக்கியிருந்தது. காற்று மேற்கிலிருந்து வீசியது. அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளியது; பல இடங்களில் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. கரையை நோக்கிப் போவது இத்தனை எளிதாயிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பும்போது இதே காற்று எதிரே நிற்கும். பின்னால் ஆத்தாவும் இருப்பாள். கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தன.

பாலத்தருகே புளியமரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. அதன் இப்புறத்தில் மழைச் சட்டை அணிந்த காவலர் ஒருவர் தடுப்புக் கட்டையோடு நின்றார்.

"எங்கம்மா போறீங்க? திரும்புங்க, திரும்புங்க."

"எங்க ஆத்தா வீட்டுக்குள்ள இருக்குங்க, சார்."

"ஊரு காலியாயிருச்சுன்னு சொல்லிட்டாங்களே?"

"சொன்னவுங்க ஒரு தடவதான் கூப்பிட்டாங்க, சார்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் அவள் முகம் விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அப்பால் இறக்கிக் கொடுத்தார். "இருட்டுறதுக்குள்ள வந்துருங்க. ஒருத்தராப் போறீங்க, ரெண்டு பேரா வரணும். நான் இங்கனதான் நிப்பேன்."

தில்லைப்பட்டினத்தின் கடைத்தெருவுக்குள் அவள் நுழைந்தபோது காற்று நின்றது.

தணியவில்லை, நின்றது. ஒரு கதவைச் சாத்தியதுபோல. இறக்கிய ஷட்டர்கள் வரிசையாக இருபுறமும் நீண்டன. டீக்கடையின் பெஞ்சுகள் கால்கள் மேலாகக் கவிழ்க்கப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ் தட்டி பாதி கிழிந்து தொங்கியது. அதில் அச்சிட்டிருந்த சிறுமியின் நெற்றிக்குக் கீழே முகம் இல்லை. காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எல்லோரையும் புறப்படச் சொன்னதுதான் அந்தத் தெருவில் ஒலித்த கடைசி மனிதக் குரலாக இருக்க வேண்டும். நாய்கள் இல்லை. காகங்கள் இல்லை. ஐஸ் கம்பெனியில் பகலும் இரவும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் உறுமலும் இல்லை. சைக்கிள் சங்கிலி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது. அந்த ஓசை ஷட்டர்களில் பட்டு, சற்றுத் தாமதித்து, பின்னாலிருந்து இன்னொரு சைக்கிள் வருவதுபோல அவளிடம் திரும்பி வந்தது.

மீனவர் தெருவில் படகுகள் நின்றன. அலைக்குப் பயந்து கரையிலிருந்து இழுத்து வந்து, வீட்டு வாசல்களில், மின்கம்பத்திலும் வேப்பமரத்திலும் வடம் போட்டுக் கட்டியிருந்தார்கள். தண்ணீரில் பார்க்கும்போது சிறியவையாகத் தோன்றும் ஃபைபர் படகுகள், தெருவில் நிற்கும்போது வீடுகளைக் காட்டிலும் உயர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் போகுமளவே வழி இருந்தது. அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். காற்றே இல்லை. ஆனாலும் வடங்கள் முனகின.

சேற்று நாற்றம் வந்தது. கரைச் சேற்றின் நாற்றமன்று அது. கடலுக்கு அடியில் கிடந்து, வெளிச்சத்தையே கண்டறியாத சேற்றின் நாற்றம்.

"அன்பு."

அவள் நின்றாள். உதடு பிரிந்துவிட்டது, "ம்" என்ற ஒலி தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. அங்கேயே அதைப் பிடித்து நிறுத்தினாள். குரல் இடப்பக்கத்துப் படகுகளுக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது. ஆணா, பெண்ணா? சொல்ல முடியவில்லை. யாராயினும் மறுபடி அழைக்கட்டும். இரண்டாவதாக அழைக்கட்டும். மூன்றாவதாக அழைக்கட்டும்.

வடம் முனகியது. படகின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

யாரும் அழைக்கவில்லை.

அவளை "அன்பு" என்று அழைக்கிறவர்கள் இருவர்தாம். ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருக்கும் கணவர்; மற்றவள் ஆத்தா. முன்பு இன்னொருவர் இருந்தார். அந்த நினைப்பை அவள் வளரவிடவில்லை. படிப்பு இருக்கிறது, அரசாங்க வேலை இருக்கிறது, ஒரு குரலுக்குப் பயப்படுகிறோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் சைக்கிளை விரைந்து தள்ளினாள்.

அவர்கள் வீடு தெருவின் கோடியில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெற்றிசெல்வன் போட்ட சுண்ணாம்புக் குறி மழையில் கரைந்து கதவின் நீளத்துக்கும் வழிந்திருந்தது. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே எப்போதும் கடல் தெரியும். அன்று தெரியவில்லை. நீர் பின்வாங்கிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை கறுத்த சேறு மினுங்கிக் கிடந்தது. அலையோசை இல்லை. பிறந்த நாளிலிருந்து அந்த ஓசையின்றி ஒரு கணமும் அவள் அந்த வாசலில் நின்றதில்லை.

அங்கே நிற்கக் கூடாது என்பது மட்டுமே அப்போது அவளுக்குத் தெரிந்தது. அழைக்க வேண்டும். ஏற்ற வேண்டும். போய்விட வேண்டும்.

"ஆத்தா!"

இரண்டாம் முறைக்கு மூச்சை இழுத்தாள்.

"இந்தா வாரேன்."

ஆத்தாவின் குரல். இழுத்த மூச்சு அப்படியே விம்மலாக வெளியேறியது. சைக்கிளின் மேலே கவிழ்ந்துவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. சந்தின் வழியே, கொல்லைப்புறத்திலிருந்து, தலையோடு முக்காடாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆத்தா வந்தாள். சேலை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. கணுக்கால் வரை கறுத்த சேறு.

"கொல்லையில என்னத்தப் பண்ணிக்கிட்டு இருந்த? கூடைய ஏத்திவிட்டுட்டு நீ இங்கனயே உக்காந்துட்ட. வெற்றிப் பய பயந்து செத்துட்டான். ஏறு ஆத்தா, ஏறு."

"ஏறு," என்றாள் ஆத்தா. கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள்.

"கதவப் பூட்டுனியா?"

"பூட்டுனேன்."

அன்புமொழி திரும்பிப் பார்த்தாள். கதவின் அடியில் மஞ்சளாய் ஒரு கோடு தெரிந்தது. விளக்கு எரிகிறது. அடுப்பையும் விளக்கையும் அணைக்காமல் ஆத்தா வாசற்படி தாண்டியதில்லையே. "விளக்க அணைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கப் போனாள்.

இரண்டு கைகள் பின்னாலிருந்து வந்து அவள் இடுப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

"போ."

அவள் போனாள். படகுகளின் இடையே, இறங்காமல், முழங்கை உரச, முழங்கால் உரச, எப்படியோ சைக்கிளை ஓட்டி வெளியே வந்தாள். ஆத்தா கனக்கவில்லை. கூடையளவுகூடக் கனமில்லை. வயதானவள், பகல் முழுவதும் உண்ணாதவள், அப்படித்தான் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். இடுப்பைப் பிடித்திருந்த கைகளின் குளிர்ச்சி ரவிக்கையைத் தாண்டித் தோலில் இறங்கியது. மழையில் நனைந்தவள் கை குளிரத்தானே செய்யும்? சேலையிலிருந்து நீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது. நனைந்த துணியிலிருந்து சொட்டும் நீர் ஓரிடத்தில் குறைய வேண்டும். குறையவில்லை.

பேசினால் நல்லதென்று தோன்றியது.

"பொட்டியில வெத்தல அப்படியே இருக்கு. நீ வந்துதான் போடணும்னு வச்சிருக்கேன்."

அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

"மோகனா பாத்துக்கிட்டு இருக்கா."

"மோகனா பாத்துக்கிட்டு இருக்கா," என்றது பின்னாலிருந்த குரல்.

அன்புமொழியின் கால் ஒரு சுற்றுத் தவறியது. ஆத்தா தன் பேத்தியை ஒருநாளும் மோகனா என்று அழைத்ததில்லை. குட்டி. பிறந்ததிலிருந்து குட்டி.

ஆத்தா இந்தச் சைக்கிளில் ஏறிய போதெல்லாம், மெதுவாப் போடி, குழியில விடாதடி, ஒன் அவசரத்துல என் இடுப்ப ஒடிச்சிராதடி என்று தெரு முழுவதும் கேட்கப் பேசிக்கொண்டே வருவாள். இப்போது குழிகளில் சக்கரம் இறங்கி ஏறியது. பேச்சில்லை. மூச்சுமில்லை. முதுகின் பின்னால், ஒரு சாண் தொலைவில், இத்தனை நேரம் ஒரு முகம் இருக்கிறது. அதிலிருந்து மூச்சு வரவில்லை. வெற்றிலை மணம் வரவில்லை. சேற்று நாற்றம் வந்தது.

அப்போதுதான் அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது கைகால்கள் அவளுடையனவாக இல்லை.

ஒருமுறைதான் அழைத்தாள்.

ஒருமுறைக்குப் பதில் வந்தது.

ஒருமுறைக்கு ஆத்தா பதில் சொல்கிறவளாயிருந்தால், காலையில் வெற்றிசெல்வனுக்கே சொல்லியிருப்பாள். முகாமில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். இந்தச் சைக்கிளே தேவைப்பட்டிருக்காது.

இந்தா வாரேன்.

ஆத்தா சொல்லக் கூடாதென்ற சொல். அப்பா சொல்லிவிட்டுப் போன சொல்.

இடுப்பில் கோத்திருந்த விரல்களை அவள் குனிந்து பார்த்தாள். பார்க்காமலிருந்திருக்கலாம். நீரில் நெடுநாள் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். ஆத்தாவின் கட்டை விரல் நகத்தில் எப்போதும் படிந்திருக்கும் சுண்ணாம்பு இல்லை. நகமே இல்லை.

ஐஸ் கம்பெனியைத் தாண்டியதும் சாலை வளைகிறது. அங்கே கருவாடு காயவைக்கும் வெட்டவெளித் திடலுக்கு அப்பால், பக்கவாட்டில், மீனவர் தெருவின் கோடி வீடு மறுபடி கண்ணில் படும். அவள் பார்க்க விரும்பவில்லை. கழுத்து தானே திரும்பியது.

கோடி வீட்டின் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு, கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி, ஒல்லியாய், சற்றே கூன் விழுந்து, ஓர் உருவம் வாசலுக்கு வந்தது. தெருவின் இப்பக்கம் பார்த்தது. அப்பக்கம் பார்த்தது. உள்ளே ஆத்தாவுக்கு ஒரு குரல் கேட்டது, இரண்டாம் குரலுக்குக் காத்திருந்தாள், அது வரவில்லை, ஆனாலும் வாசலில் கேட்டது மகளின் பேச்சு போலிருந்தது. அதனால் வந்து பார்க்கிறாள்.

காற்றில்லாத வெளியில் அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"அன்பு!"

இடுப்பிலிருந்த கைகள் இறுகின.

"அன்பு!"

அவள் பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் நிற்கவில்லை. கேரியரில் இப்போது கனம் ஏறிக்கொண்டிருந்தது. நீர் நிறைந்த குடம்போல. நீர் நிறைந்த படகுபோல.

"ஏடி அன்பு! எங்கிட்டுடி இருக்க?"

மூன்றாம் குரல். மனிதக் குரல். கோபமும் அச்சமும் கலந்த, வெற்றிலையில் தடித்த, தன்னைப் பெற்றவளின் குரல்.

பதில் சொல்லலாம். இப்போது சொல்லலாம். சொல்ல வேண்டும். ஓடி வா ஆத்தா. கொல்லையப் பாக்காத. மேக்க ஓடி வா. அன்புமொழி வாயைத் திறந்தாள்.

ஒலி வரவில்லை.

அவள் காதோரம், ஈரமாய், இன்னொரு வாய் திறந்தது. அதிலிருந்து அன்புமொழியின் குரல், அவள் குழைவு மாறாமல், அவள் சலிப்பு மாறாமல், திடலைக் கடந்து கோடி வீட்டு வாசல் வரை கேட்கும்படி உரக்கச் சொன்னது:

"இந்தா வாரேன், ஆத்தா!"

வாசலில் நின்ற உருவம் விளக்கைத் தாழ்த்தியது.

கால்கள் மிதித்தன. அவள் மிதிக்கவில்லை, கால்கள் மிதித்தன. சங்கிலி கிறீச்சிட்டது. தொலைவில், பாலத்தருகே, டார்ச் வெளிச்சம் ஒன்று அசைந்து, இருவராக வருகிறவர்களுக்கு வழிகாட்டியது.

திடலுக்கு அப்பால் இருளாயி வாசற்படியில் விளக்கை வைத்தாள். அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொண்டாள். சொல்லக் கூடாத சொல்தான், ஆனாலும் மூன்றாம் குரலுக்குப் பிறகுதான் மகள் குரல் கொடுத்திருக்கிறாள். இனிக் காத்திருந்தால் போதும். அவள் முகம் தெருவைப் பார்த்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், கூரைக்கும் மேலே, சேற்றின் மறுகோடியிலிருந்து வெள்ளையாய் ஒரு கோடு எழுந்து, ஓசையின்றி, உயர்ந்துகொண்டே வந்தது.